முதல் டிஎஸ்எல்ஆருக்கு லென்ஸும் மெமரி கார்டும்: காசை எங்கே போடலாம்?

8 ஜனவரி 2023

வந்த கேள்வியை முதலில் அப்படியே போடுகிறேன். "கேனான் 1500டி வாங்கினேன், 18-55 லென்ஸோடு வந்தது. 55-250 லென்ஸையும் சேர்த்து எடுத்தால் விலை குறையும் என்று கடையில் சொல்கிறார்கள். ஆபீசில் எல்லோரும் 50 எம்எம் எஃப் 1.8 வாங்கு, பின்னாடி மங்கலாக அழகாக வரும் என்கிறார்கள். மெமரி கார்டு வேறு 128 ஜிபி, நொடிக்கு 170 எம்பி என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது, கோயில் குளம் என்று போவோம், பறவை எடுக்கவும் ஆசை. எதை வாங்குவது?"

இப்போதைக்கு லென்ஸ் எதுவும் வேண்டாம். (18-55, 50 என்பவை லென்ஸின் எம்எம் எண்கள். எண் ஏற ஏறத் தூரத்துப் பொருள் கிட்டே வரும், படத்தில் அடங்கும் அகலம் குறையும்.) கார்டு இரண்டு வாங்குங்கள், 32 ஜிபியே போதும். 170 எம்பிக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள், ஆனால் கார்டு அசலாக இருக்க வேண்டும். பொங்கல் வருகிறது, அந்த 18-55 ஒன்றையே மாட்டிக்கொண்டு ஊருக்குப் போய் எடுத்துத் தள்ளுங்கள். எந்த லென்ஸ் என்பதை அப்புறம் பேசலாம், ஏனென்றால் அதற்கான பதில் நீங்கள் எடுக்கப்போகும் படங்களில்தான் இருக்கிறது.

அதே நாள், இரவு

"ஏன் என்று சொல்லாமல் போனால் எப்படி?" என்கிறார். நியாயம்தான்.

கூடவே வரும் லென்ஸ் என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வைத்து (எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்ற கணக்கு, எண் குறையக் குறைய அதிகம் திறக்கும்) அந்த 18-55இல் எடுத்த படத்தையும், அதைப்போல் நாலைந்து மடங்கு விலையுள்ள லென்ஸில் எடுத்ததையும் ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரங்களைத் தேடினால்தான் தெரிந்தது. அந்த லென்ஸின் உண்மையான குறை வேறு இடத்தில். 55இல் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் 5.6 லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) கேட்கிற இடத்தில், 1.8 லென்ஸ் அதே ஷட்டர் வேகத்தில் 640இல் முடித்துக் கொடுத்துவிடும். 6400இல் குழந்தையின் கன்னம் முழுக்க மணல் தூவினதுபோல் இருக்கும், 640இல் தோல் தோலாகத் தெரியும். பின்னணி மங்குவதைவிட எனக்கு இதுதான் பெரிய லாபம்.

ஆனால் அப்படி வெளிச்சம் வாங்கும் லென்ஸ் 50ஆ, 24ஆ, 35ஆ என்பதை ஆபீஸ் நண்பர்கள் சொல்ல முடியாது. பொங்கல் முடிந்து வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். விண்டோஸ் என்றால் டீடெயில்ஸ் வரிசையாக மாற்றி, மேலே தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து ஃபோக்கல் லெங்க்த் (அந்த எம்எம் எண்தான்) என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டு, அதை வைத்தே வரிசைப்படுத்துங்கள். எந்த எண்ணில் படங்கள் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த படங்கள் எந்த எண்ணில் இருக்கின்றன என்பதைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

11 ஜனவரி 2023

சின்னக் குறிப்பு. உங்கள் 18-55இன் முன்வளையத்தில் ஐஎஸ் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இதே 18-55இல் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லாத ஒரு வகையும் உண்டு, வெளித்தோற்றத்தில் அதிக வித்தியாசம் தெரியாது. ஐஎஸ் இருந்தால் கோயில் தூணைக் கையில் பிடித்தபடி நொடியில் எட்டில் ஒரு பங்கு வேகத்திலும் எடுக்கலாம். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தித் தராது, அது அசைவது உங்கள் கை அல்லவே.

22 ஜனவரி 2023

பொங்கல் படங்களின் கணக்கு வந்திருக்கிறது. பாதிக்கு மேல் 55இல், மீதியில் பெரும்பங்கு 18இல், நடுவில் கொஞ்சம்தான். "அப்படியென்றால் எனக்கு 55-250தானே வேண்டும்?" என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். முதல் நாள் இரவு சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஜூம் லென்ஸ் புதிதாகக் கையில் வந்தால் எல்லோரும் வளையத்தை இந்தக் கடைசிக்கோ அந்தக் கடைசிக்கோதான் திருப்புவார்கள். முழுக்கத் திருப்பினால் விரலுக்கு ஒரு முடிவு கிடைக்கிறது, நடுவில் நிறுத்தினால் கிடைப்பதில்லை. அதனால் இரண்டு ஓரத்திலும் குவிவது பழக்கத்தினாலும் இருக்கலாம், தேவையினாலும் இருக்கலாம்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி. வளையத்தை 24இல் வைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒரு வாரம் 24தான். கிட்டே போக வேண்டுமென்றால் காலால் போங்கள். அடுத்த வாரம் 35. அதற்கடுத்த வாரம் 55க்குச் சற்று முன்னால், ஏறக்குறைய 50. (டேப்பை எடுத்தபின் பிசுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தின்னர் கின்னர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.) எந்த வாரத்தில் "ஐயோ, மாட்டிக்கொண்டோமே" என்ற எண்ணம் குறைவாக வந்ததோ அதுதான் உங்கள் லென்ஸ்.

23 ஜனவரி 2023

ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியாதவர்களுக்கு அடிக்கணக்கு. 1500டியின் சென்சார் பழைய ஃபிலிமைவிடச் சின்னது, 1.6 என்று பெருக்கச் சொல்வார்கள், 50 எம்எம் அதில் 80 எம்எம் போலப் பார்க்கும். பெருக்கலெல்லாம் விடுங்கள். பொருள் பத்தடி தூரத்தில் இருந்தால், கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்போது,

18இல் பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் மேல் அகலம் படத்தில் அடங்கும். 24இல் ஒன்பது அடிக்கு மேல். 35இல் ஆறு அடிக்கு மேல். 50இல் நாலரை அடிகூட முழுசாக வராது.

உங்கள் ஹால் எத்தனை அடி? பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் சோபா, டிவி ஸ்டாண்டு போக நீங்கள் பின்னால் போகக்கூடியது எட்டடி. அங்கே 50ஐ மாட்டினால் குழந்தையின் முகமும் தோளும் அருமையாக வரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பாதி முகம் வெட்டுப்படும். பிறந்தநாள் கேக் வெட்டும்போது எட்டுப் பேர் நின்றால் 50 ஒன்றுக்கும் உதவாது.

நான் பல வருடமாக எல்லோரிடமும் "முதலில் 50" என்றுதான் சொல்லி வந்தேன். விலை குறைவு, எடை 160 கிராம், வெளிச்சம் வாங்கும், 35 செ.மீ. வரை கிட்டே போகும், அதிலெல்லாம் இன்றும் மாற்றமில்லை. ஆனால் வீட்டுக்குள் படம் எடுப்பவர்கள் அதை வாங்கி மூன்றே மாதத்தில் பீரோவில் வைத்துவிடுவதைத் தொடர்ந்து பார்த்ததில், கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன்: உங்கள் படங்கள் பெரும்பாலும் கூரைக்குக் கீழேயா, வானத்துக்குக் கீழேயா? கூரைக்குக் கீழே என்றால் கேனான்காரர்களுக்கு 24 எம்எம் எஃப் 2.8. அப்பளம்போல் தட்டையாக இருக்கும், 125 கிராம், கேமராவில் லென்ஸ் இருப்பதே தெரியாது. வெளிச்சத்தில் 1.8 அளவுக்கு வராதுதான், இருந்தாலும் பாட்டி முழுசாக இருப்பார்.

5 பிப்ரவரி 2023

பறவைக்கு வருவோம். "250 போதுமா?"

அதே அடிக்கணக்கு இங்கேயும் உதவும். நூறு அடி தூரத்தில் 250 எம்எம் லென்ஸ் காட்டும் அகலம் ஏறக்குறைய ஒன்பது அடி. நத்தைகுத்தி நாரை இரண்டரை அடிதான் இருக்கும், அப்போது படத்தின் அகலத்தில் கால் பங்கு அது. 24 மெகாபிக்சல் இருப்பதால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம், நன்றாகவே இருக்கும். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று பார்க்கும்போது மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன, கிட்ட இருக்கும் மரத்துக்கு 250 சரியாக இருக்கும், அந்தப் பக்க மரங்களுக்குப் போதாது. மீன்கொத்தி, தையல்சிட்டு என்றால் நூறு அடியில் நினைத்தே பார்க்காதீர்கள், இருபதடிக்குள் வர வேண்டும். வீட்டு மாடியிலிருந்து முருங்கை மரத்துக்கு வரும் தேன்சிட்டை எடுக்க 250 தாராளம். என் பறவைப் படங்களில் மனசுக்குப் பிடித்த பல, சரணாலயத்தில் எடுத்தவை அல்ல, பின்பக்கத்து முருங்கையில் எடுத்தவைதான்.

டெலி லென்ஸ், அதாவது தூரத்தைக் கிட்டே காட்டும் லென்ஸ், வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எழுத்துகளைக் கவனமாகப் படியுங்கள். கேனானில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் நல்ல லென்ஸ் (எஸ்டிஎம் என்பது அதன் ஃபோகஸ் மோட்டாரின் பெயர்). 2013இல் வந்தது, 375 கிராம், ஃபோகஸ் சத்தமில்லாமல் போகும். அதே கடையில் 75-300 என்று ஒன்றைக் காட்டி "இது 300 வரை போகும், விலையும் குறைவு" என்பார்கள். அதை வாங்காதீர்கள். அதில் ஐஎஸ் கிடையாது. 300இல் கையில் பிடித்தால் நாடித்துடிப்பே படத்தில் தெரியும், முழுக்கத் திறந்து வைத்தால் படம் சொதசொதவென்று இருக்கும். அந்த ஐம்பது எம்எம் கூடுதலுக்காக வாங்கிவிட்டு, படம் நன்றாக வராததற்குத் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொண்டு கேமராவையே மூட்டை கட்டி வைத்தவர்கள் உண்டு. அது எனக்கு வருத்தமான விஷயம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், எஃப் 5.6 என்பதை மறந்துவிடாதீர்கள். பறக்கும் பறவையை நிறுத்த ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேண்டும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் வெயில் சாய்வாகவும் இருக்கும், வெளிச்சமும் போதும். ஐந்தரைக்கே போய் நின்றுகொண்டு படம் இருட்டாக வருகிறதே என்று லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

12 பிப்ரவரி 2023

கார்டு. இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன், விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தபால்தலை அளவு, அதில் ஏழெட்டுக் குறிகள். வட்டமான சி எழுத்துக்குள் 10 என்றால் குறைந்தபட்சம் நொடிக்கு 10 எம்பி எழுதும் என்று உறுதி. யு வடிவத்துக்குள் 1 இருந்தாலும் அதே 10 எம்பிதான். யு-வுக்குள் 3 என்றால் 30. வி30 என்றாலும் 30. ஏ1, ஏ2 என்பவை போனில் ஆப் வேகமாகத் திறப்பதற்கானவை, கேமராவுக்கு அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை, அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 170, 200 எல்லாம் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். ரோமன் ஒன்று போட்ட யுஎச்எஸ் கார்டுகளுக்குத் தரநிலையில் உச்சவரம்பே 104 எம்பிதான். அதற்கு மேல் போக அந்தக் கம்பெனியே விற்கும் கார்டு ரீடர் வேண்டும். கேமராவுக்குள் அந்த வேகம் வரவே வராது.

உங்கள் கேமரா எவ்வளவு கேட்கிறது? 1500டியில் முழு எச்டி வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 340 எம்பி. நொடிக்கு ஆறு எம்பிகூட ஆகவில்லை. வட்டத்துக்குள் 10 போட்ட கார்டே போதும் என்பது இதனால்தான்.

தொடர்ச்சியாக எடுக்கும்போது மட்டும் கதை கொஞ்சம் மாறும். நொடிக்கு மூன்று படம், ரா (RAW, கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) முறையில் எடுத்தால் பத்துப் பதினோரு படத்தில் கேமராவின் உள் நினைவகம் நிரம்பிவிடும். அப்புறம் பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பொத்தானை அழுத்தினால் கேமரா தூங்கி வழியும். மெதுவான கார்டு என்றால் அந்த விளக்கு அணைய ரொம்ப நேரமாகும், நல்ல யு3 கார்டு என்றால் கொஞ்சம் சீக்கிரம் அணையும். அதைத் தாண்டி என்ன விலைக்கு வாங்கினாலும் கேமரா எழுதும் வேகத்தில்தான் எழுதும். ஆக, யு3 அல்லது வி30 போட்டது ஒன்று, 32 ஜிபி. அதே மாதிரி இன்னொன்று. ஜேபெக்கில் மட்டும் எடுப்பவருக்கு யு1 போதும்.

ஏன் 32? 24 மெகாபிக்சல் ரா படம் ஒன்று 25 முதல் 30 எம்பி வரும். 32 ஜிபியில் ஆயிரத்துக்கு மேல் அடங்கும். பேட்டரி ஒரு சார்ஜில் 500 படம் என்று கம்பெனியே சொல்கிறது. பேட்டரி இரண்டு முறை தீர்ந்தாலும் கார்டு தீராது. ஒரே 128 ஜிபியில் ஒரு வருடக் குடும்பப் படத்தையும் காப்பி எடுக்காமல் வைத்துக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கார்டு தொலையும், உடையும், மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரோடு மக்கர் செய்யும். இரண்டு சின்னக் கார்டு இருந்தால் போவது பாதிதான்.

13 பிப்ரவரி 2023

"32 ஜிபி வாங்கினேன், கம்ப்யூட்டரில் 29.8 என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா?" இல்லை. கார்டு கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. கார்டு சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொருவர்: "கார்டு லாக் ஆகியிருக்கிறது என்று கேமரா சொல்கிறது, படம் எடுக்க விடமாட்டேன் என்கிறது." கார்டின் பெயர் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடது ஓரத்தில் ஒரு குட்டி நகரும் பிளாஸ்டிக் இருக்கும், அரிசி பாதி அளவு. அதை மேலே, தங்கநிறப் பற்கள் இருக்கும் பக்கம் தள்ளினால் திறந்துவிடும். பழைய கார்டில் அது தளர்ந்து, உள்ளே போடும்போதே கீழே இறங்கிவிடும், சிலதில் உடைந்தே விழுந்துவிடும். அவசரத்துக்கு அந்தப் பள்ளத்தின் மேல் மட்டும் மெல்லிய செலோடேப் துண்டு ஒன்றை மடிப்பில்லாமல் ஒட்டினால் கேமரா ஏற்றுக்கொள்ளும். படங்களை இறக்கியதும் அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள், டேப் ஸ்லாட்டுக்குள் பிய்ந்து மாட்டிக்கொண்டால் வேலை பெரிதாகிவிடும்.

26 பிப்ரவரி 2023

"அசலாக இருக்க வேண்டும்" என்று முதல் நாளே சொன்னதற்குக் காரணம் என் அத்தை மகன். 128 ஜிபி கார்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷமாக வாங்கி வந்தான், எந்தக் கடை என்பது இப்போது முக்கியமில்லை. பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் கச்சிதம். நண்பன் வீட்டு வளைகாப்புக்கு எடுத்துப் போனான். மனையில் உட்கார வைத்து சந்தனம் பூசியது வரை படங்கள் இருக்கின்றன. வளையல் அடுக்கத் தொடங்கிய பிறகு எடுத்தவையெல்லாம் மேலே கால்வாசி படம், கீழே முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. அந்தக் கார்டுக்குள் உண்மையில் இருந்தது 16 ஜிபி. 128 என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி அதன் உள்சில்லை மாற்றியிருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் "எழுதிவிட்டேன், எழுதிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா கேட்டபோது அவன் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது.

இதைத் தடுக்க ஒரு வேலைதான். புதுக் கார்டு வந்ததும் கேமராவில் போடும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. கார்டு நிரம்பும் வரை எழுதும், அப்புறம் எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். பிழை என்று ஒரு வரி வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேர்ச்சி பெற்ற கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி எடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே.

தவறிப்போய் அழித்துவிட்டால் அந்த நொடியே கார்டை வெளியே எடுங்கள், மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக்கூடாது. அழித்தது என்றால் அட்டவணையிலிருந்து பெயர் போயிருக்கிறது, படம் இன்னும் உள்ளேதான் இருக்கும், மேலே புதிது எழுதாதவரை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பலருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

5 மார்ச் 2023

நிக்கான்காரர்கள் தங்களை மறந்துவிட்டேன் என்கிறார்கள். டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது மோட்டார். இந்தக் கேமரா உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸுக்குள்தான் இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று தொடங்கினால் மோட்டார் உண்டு. வெறும் ஏஎஃப் என்று தொடங்கி 50 எம்எம் எஃப் 1.8டி என்று முடிகிற பழைய லென்ஸ் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். படம் நன்றாக வரும், ஆனால் உங்கள் கேமராவில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும், ஓடுகிற பிள்ளையை அப்படி எடுக்க முடியாது. டி7000 வரிசையில் உடலுக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் அவர்களுக்கு இது நல்ல பேரம்.

உங்களுக்கு வீட்டு லென்ஸ் 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் (டிஎக்ஸ் என்றால் சின்ன சென்சாருக்கானது). 2009இல் வந்தது, 200 கிராம். பத்தடியில் ஆறேமுக்கால் அடி அகலம் காட்டும், 1.8 வெளிச்சமும் கிடைக்கும். இதே மாதிரி மலிவான ஒன்றைக் கேனான் தன் சின்ன சென்சார் டிஎஸ்எல்ஆருக்குக் கொடுக்கவே இல்லை, அந்த விஷயத்தில் நிக்கான்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். டெலி வாங்கினால் 70-300 ஏஎஃப்-பியில் விஆர் (கேனானின் ஐஎஸ் போன்றது) இருப்பது, இல்லாதது என்று இரண்டு உண்டு, பெட்டியில் விஆர் என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏஎஃப்-பி லென்ஸ்கள் பழைய சில நிக்கான் உடல்களில் ஃபோகஸே ஆகாது, அதனால் பழைய உடல் வைத்திருப்பவர்கள் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

9 ஏப்ரல் 2023

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் பார்த்துவிட்டு வந்தேன். கழுத்தில் இரண்டு கேமரா, பையில் மூன்று லென்ஸ் என்று வந்தவர்கள் மாட வீதியில் நகரவே முடியாமல் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் பொரியும் தூசியும் வியர்வையும் நேரே சென்சாரில்தான் இறங்கும். நான் 18-55 மட்டும் எடுத்துப் போனேன். பல்லக்கு தலைக்கு மேல் வரும்போது 18, எதிர்மாடியில் கைகூப்பி நிற்கும் பாட்டிக்கு 55. திருவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமான லென்ஸ் எனக்குத் தெரியவில்லை, பகல் வெளிச்சம் இருக்கும்வரை.

முன்னால் ஒரு யுவி ஃபில்டர் போடலாமா என்றால், கடற்கரையில் போடுங்கள், உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் அது தாங்கும். ராத்திரி விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பச்சைப் போலி விளக்கு படத்தில் மிதக்கும். மற்ற நேரத்தில் ஹூட், அதாவது லென்ஸின் முனையில் மாட்டும் குடைபோன்ற வளையம், போதும். எங்காவது இடித்தாலும் தாங்கும், வெயிலையும் தடுக்கும். ஃபில்டர் வாங்கினால் அளவைப் பார்த்து வாங்குங்கள். கேனான் 18-55க்கும் 55-250க்கும் 58, அதன் 50 எஸ்டிஎம்முக்கு 49, நிக்கான் 35க்கு 52.

21 மே 2023

மகளின் அரங்கேற்றத்தை 1500டியில் முழுசாகப் பதிவு செய்யலாமா என்று ஒருவர். பிப்ரவரியில் 32 ஜிபி போதும் என்றது படத்துக்கு. வீடியோவுக்கு 32 ஜிபி என்பது ஒன்றரை மணி நேரம்தான், வர்ணம் முடிந்து பதம் தொடங்கும்போது நின்றுவிடும். இதற்கு மட்டும் 64 அல்லது 128 வாங்குங்கள், வேகம் பழைய வேகமே போதும். ஆனால் கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நிற்கும், ஒருவர் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். பேட்டரி கூடுதலாக இரண்டு. இதையெல்லாம் பார்த்தால் வீடியோவுக்கு ஆள் வைத்துவிட்டு, அப்பா அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

16 ஜூலை 2023

மழைக்காலத்துக்கு முன் ஒரு எச்சரிக்கை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் லென்ஸை அந்தக் கேமராப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். பையின் நுரைப்பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இருட்டும் சேர்ந்தால் ஃபங்கஸ் வரும். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கிளை பிரிந்து பிரிந்து போகும் வெள்ளை நூல் இருந்தால் அதுதான். ஆரம்பத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது, வளர்ந்தால் எல்லாப் படமும் பால் ஊற்றினதுபோல் வெளுக்கும், கண்ணாடியின் பூச்சையும் அரித்துவிடும்.

மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 வரை காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். நீல ஜெல் ரோஜா நிறமானால் சூடு காட்டி உலர்த்தி மறுபடி போடலாம். அரிசி வேண்டாம், அதன் மாவுத்தூசு ஜூம் வளையத்துக்குள் போகும். அந்துருண்டை பக்கத்திலேயே வரக்கூடாது. இதையெல்லாம்விடப் பெரிய மருந்து, லென்ஸை வாரம் ஒருமுறை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் படம் எடுப்பதுதான்.

8 அக்டோபர் 2023

"எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) போகிறார்கள், இப்போது டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வாங்கினால் வீணா?" வீணாகாது. கேனான் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அதன் அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் உண்டு, ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி இரண்டுக்கும் ஃபோகஸ் ஆகும், மோட்டார் இல்லாத பழைய டி லென்ஸுக்கு ஆகாது. எல்லோரும் மாறுவதால் செகண்ட் ஹேண்டில் நல்ல லென்ஸ் மலிவாக வருகிறது, கற்றுக்கொள்கிறவருக்கு இது நல்ல காலம்.

வாங்கும்போது நேரில் போங்கள், கேமராவையும் உங்கள் கார்டையும் கொண்டுபோங்கள். டார்ச் சோதனை முதலில். நிக்கான் லென்ஸ் என்றால் கழற்றியதும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் உள் இதழ்கள் மூடியிருக்கும், பின்புறம் இருக்கும் குட்டி நெம்பை விரலால் தள்ளி விடுங்கள், இதழ்கள் சட்டென்று திறந்து சட்டென்று மூட வேண்டும், எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் வேண்டாம். கேனானில் இதழ்கள் திறந்தே இருக்கும், அதனால் கேமராவில் மாட்டி எஃப் 11 வைத்து ஆழம் பார்க்கும் பொத்தான் (படம் எடுக்காமலே இதழ்களை மூடிக் காட்டுவது) இருந்தால் அதை அழுத்தி, இல்லையென்றால் எஃப் 11இல் ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சரிபாருங்கள். முன்வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ். மாட்டிய பிறகு ஆடக்கூடாது. செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று முழுக்கத் திறந்து எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

முதலில் கேட்டவர் 24ஐ எடுத்துக்கொண்டார். 55-250ஐ டிசம்பரில், வேடந்தாங்கல் சீசனுக்கு, செகண்ட் ஹேண்டில் பார்க்கப்போகிறாராம். எஸ்டிஎம் தானா என்று எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், முந்தைய ஐஎஸ் II வகையையும் அதே பெயரில்தான் விற்பார்கள்.